பேச்சு வந்தபிறகு குழந்தை பார்க்கும் உலகம் மாறுகிறதா?

#1 செங்காந்தள் (கோவை)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு இரண்டே முக்கால் வயது. அவள் வாயில் வரும் நிறம் ஒன்றே ஒன்றுதான், மஞ்சள். வானம் மஞ்சள், தக்காளி மஞ்சள், தாத்தாவின் ஸ்கூட்டரும் மஞ்சள். ஆனால் க்ளிப் டப்பாவைக் கொட்டிவிட்டால் சிவப்பெல்லாம் ஒரு பக்கம், பச்சையெல்லாம் ஒரு பக்கம் என்று தானாகவே பிரித்து அடுக்குகிறாள். கண் டாக்டரிடம் காட்டலாம் என்கிறார் அத்தை.

என் கேள்வி வேறு. பெயர் தெரியாத நிறம் அவளுக்கு எப்படித் தெரியும்? பெயரைக் கற்றபிறகு அந்த நிறமே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்குமா? 'மொழிதான் உலகத்தையே உருவாக்குகிறது' என்று வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. அதில் எவ்வளவு தேறும்? குழந்தைகளோடு வேலை செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

#2 ஒலிமரம் (சென்னை)

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். அவ்வளவு சரியாகப் பிரித்து அடுக்குகிறாள் என்றால் நிறம் தெரிகிறது என்றுதான் அர்த்தம், அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். இந்த வயதில் இது வெகு சாதாரணம். டார்வினுக்கே இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. தன் பிள்ளைகளுக்குச் சாமான்களின் பெயரெல்லாம் தெரிந்தும் நிறத்தின் பெயர் மட்டும் வராததைப் பார்த்து, நிறக்குருடாக இருக்குமோ என்று நினைத்ததாக 1877-இல் எழுதினார்.

நிறத்தைப் பிரித்துப் பார்க்கப் பேச்சு தேவையில்லை. இங்கிலாந்தில் சஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 4 முதல் 6 மாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வந்தது. ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினால் குழந்தைக்குச் சலித்துவிடும். அப்புறம் வேறு நிறத்தைக் காட்டும்போது நீண்ட நேரம் பார்த்தால், அதற்கு அது புதுசு என்று பொருள். அப்படிப் பார்த்ததில் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என்று ஐந்து வகையாகக் குழந்தைகள் பிரிப்பது தெரிந்தது. அம்மா என்று சொல்லக்கூட வராத வயது அது.

பெயர் ஏன் தாமதமாகிறது? பந்து என்றால் அது முழுசாகக் கையில் இருக்கிறது. சிவப்பைத் தனியாக எடுத்துக் கையில் கொடுக்க முடியாதே. ஒரு சின்ன யோசனை: 'சிவப்புப் பந்தை எடு' என்பதற்குப் பதிலாக 'பந்தைப் பார், பந்து சிவப்பு' என்று சொல்லிப் பாருங்கள். பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொன்னால் இரண்டு வயதுப் பிள்ளைகள் எளிதாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று மைக்கேல் ராம்ஸ்கார் குழு 2010-இல் காட்டியது. அது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம் செய்தது. என்னிடம் வரும் தமிழ்ப் பிள்ளைகளிடமும் பலித்திருக்கிறது.

#3 குறுக்குக்கேள்வி

அப்படியென்றால் தலைப்புக்குப் பதில் கிடைத்துவிட்டதே. நிறம் முன்னாடியே இருக்கிறது, மொழி வந்து லேபிள் ஒட்டுகிறது. கதை முடிந்தது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தக் கருத்துக்குப் பெயர் வாங்கித் தந்தவர்களில் ஒருவர் பெஞ்சமின் லீ வோர்ஃப். அமெரிக்காவில் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே மொழி ஆராய்ச்சி செய்த மனிதர். அவர் பெயரைச் சொல்லித்தான் 'எஸ்கிமோக்களுக்குப் பனிக்கு நூறு சொல்' என்ற கதையெல்லாம் ஊர் சுற்றுகிறது. அங்கே இருப்பது ஒரு மொழி இல்லை, பல மொழிகள். ஒரு வேர்ச்சொல்லோடு ஒட்டுக்குமேல் ஒட்டு சேர்த்துக்கொண்டே போகிற மொழிகளில் சொல்லை எண்ணுவதற்கே அர்த்தம் இல்லை. குழந்தையின் மூளையை மொழி செதுக்குகிறது என்பதும் இதே ரகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

#4 ஒலிமரம்

லேபிள் ஒட்டியதோடு நின்றால் பரவாயில்லை. ஒட்டியபிறகு என்ன நடக்கிறது என்றும் பார்த்திருக்கிறார்கள்.

நமீபியாவின் வடக்கே ஹிம்பா மக்களின் மொழியில் அடிப்படை நிறப்பெயர்கள் ஐந்துதான். டெபி ராபர்சனும் உடன் இருந்தவர்களும் ஹிம்பாப் பிள்ளைகளையும் இங்கிலாந்துப் பிள்ளைகளையும் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2004-இல் எழுதினார்கள். ஒரு நிறத்தைக் காட்டி மறைத்துவிட்டு, எது என்று கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு. நிறப்பெயர் எதுவும் தெரியாத வயதில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தப்பு செய்தார்கள். பெயர்கள் படிய ஆரம்பித்ததும் பாதை பிரிந்தது. அவரவர் மொழியில் ஒரே பெயருக்குள் வரும் நிறங்களைத்தான் அவரவர் குழப்பிக்கொண்டார்கள். இதை மறுக்கும் ஆய்வுகளும் உண்டு, மறைக்கவில்லை.

ரஷ்ய மொழியில் வெளிர் நீலத்துக்கும் அடர் நீலத்துக்கும் தனித்தனிப் பெயர், பொதுப்பெயர் கிடையாது. அந்த எல்லையைத் தாண்டிய இரண்டு நீலங்களை ரஷ்யர்கள் சட்டென்று பிரித்துவிடுகிறார்கள் என்று 2007-இல் ஓர் ஆய்வு வந்தது. இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. மனதுக்குள் எண்களைச் சொல்லிக்கொண்டே செய்யச் சொன்னால் அந்த வேகம் போய்விடுகிறது. வாய்க்குள் ஓடும் மொழி வேறு வேலையில் மாட்டிக்கொண்டதும் கண்ணுக்கு அது செய்துவந்த உதவி நின்றுவிடுகிறது. அதனால் கண்ணையே மாற்றுகிறது என்று சொல்ல மாட்டேன். பார்க்கும் நேரத்தில் பக்கத்தில் நின்று ஒரு கை கொடுக்கிறது.

ஒலியில் கதை இன்னும் அழுத்தமானது. என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் கனடாவில் செய்த வேலை. இந்தியில் உள்ள த, ட வித்தியாசம் ஆங்கிலத்தில் இல்லை. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். ஆனால் அவர்கள் வீட்டு 6 முதல் 8 மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்துக் கேட்டார்கள். 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறமை போய்விட்டது. காது கெடவில்லை. வீட்டில் யாரும் பயன்படுத்தாத வித்தியாசத்தைக் குழந்தை விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்த த, ட ஒருநாளும் பிரச்சினை ஆவதில்லை. இந்தி படிக்கப் போன நம்மில் எத்தனை பேர் நான்கு 'க'விடம் மாட்டி விழித்தோம் என்று எண்ணிப் பாருங்கள்.

'குழந்தை எல்லா ஒலியையும் கேட்கும், பிறகு இழக்கும்' என்று சுருக்கிவிடவும் கூடாது. பிலிப்பைன்ஸ் மொழியில் சொல்லின் முதலில் ந, ங இரண்டும் வரும். அங்கே பிறந்த 6 முதல் 8 மாதக் குழந்தைக்கே அது பிடிபடுவதில்லை. மேலும் சில மாதம் கேட்டபிறகுதான் பிடிபடுகிறது. ஆக மொழி சிலதைக் கழிக்கிறது, சிலதைக் கூட்டுகிறது.

#5 வைகைக்கரை (மதுரை)

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். குறுக்குக்கேள்வித் தம்பிக்கு ஹிம்பாவும் ரஷ்யாவும் தூரமாகத் தெரிந்தால், எங்கள் மாவட்டத்துச் சமாசாரம் ஒன்று சொல்கிறேன்.

எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் 1990-களின் தொடக்கத்தில் மதுரைப் பக்கம் வந்து வேலை செய்தார். நெதர்லாந்தில் நைமேகனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துக் குழுவைச் சேர்ந்தவர். அவர் பார்த்தது இதுதான். நகரத்துத் தமிழர்கள் மேசைமேல் இருக்கும் பொருளை 'இடப்பக்கம், வலப்பக்கம்' என்று சொல்கிறார்கள். கிராமத்துத் தமிழர்களில் பலர் அதே பொருளை 'வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம்' என்று சொல்கிறார்கள். பேசுவது ஒரே தமிழ்தான். ஆளை எதிர்ப்பக்கம் திருப்பி உட்காரவைத்து, வாய் திறக்காமல் பொருள்களைத் திரும்ப அடுக்கும் விளையாட்டுகளையும் வைத்தார்கள். பேச்சில் திசையைச் சொல்கிறவர்கள் அடுக்கும்போதும் திசையை ஒட்டியே போகும் சாய்வு தெரிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் ஊரில் 'கொஞ்சம் கிழக்கால தள்ளி உட்காரு', 'சொம்பைத் தெக்குப் பக்கம் நகர்த்து' என்றுதான் பேச்சு. வடக்கே தலைவைத்துப் படுக்காதே என்று பாட்டி சொன்னால் எந்தப் பக்கம் வடக்கு என்று பேரனுக்குத் தெரிந்தாக வேண்டும். மாட்டைக் கிழக்கு வயலில் கட்டச் சொல்வார்கள், அவன் ஐந்து வயதுப் பையன், கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. பஸ்ஸில் ஏறிப் புது ஊருக்குப் போனால் இறங்கியவுடன் பெரியவர்கள் முதலில் விசாரிப்பது திசையைத்தான். அதே பையனுக்கு வகுப்பில் 'வலது கையைத் தூக்கு' என்றால் சோத்துக்கையா பீச்சாங்கையா என்று யோசித்துத்தான் தூக்குவான். இப்போது என் பேத்தி சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வளர்கிறாள். லிஃப்டிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது கதவு என்று சரியாகச் சொல்வாள், சூரியன் எந்த ஜன்னலில் உதிக்கிறது என்று கேட்டால் முழிக்கிறாள். அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வீட்டில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

ஆஸ்திரேலியாவில் இது உச்சத்துக்கே போயிருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பழங்குடிகள் பேசும் கூகு யிமித்திர் மொழியில் பொருள் இருக்கும் இடத்தைச் சொல்ல இடம் வலம் கிடையாது, எல்லாம் நான்கு திசைதான். பேச வேண்டுமானால் எந்நேரமும் வடக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

#6 குறுக்குக்கேள்வி

சார், மதுரை உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் அதுவே என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஒரே தமிழைப் பேசுகிறவர்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டால் காரணம் மொழியா, வயலும் லிஃப்டுமா?

பெக்கி லீயும் லைலா கிளைட்மனும் 2002-இல் இதைத்தான் கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களுக்கு அதே அடுக்கும் விளையாட்டைக் கொடுத்தார்கள். ஜன்னல் திரையை மூடிய அறையில் ஒரு மாதிரி, வெளியே அடையாளங்கள் தெரியும் இடத்தில் வேறு மாதிரி அடுக்கினார்கள் என்று காட்டினார்கள். மொழி மாறவில்லை, இடம்தான் மாறியது. பின்னால் மெக்ஸிகோவின் செல்ட்டல் மக்களிடமும் பார்த்தார்கள். அவர்கள் மேட்டுப்பக்கம், பள்ளத்துப்பக்கம் என்று பேசுகிறவர்கள். சரியான விடை எது என்பது தெளிவாக இருக்கும்படி கேட்டபோது, தன் உடம்பை வைத்துக் கணக்குப் போடுவதிலும் அவர்கள் நன்றாகவே தேறினார்கள். முடியாது என்பது வேறு, பழக்கம் இல்லை என்பது வேறு.

#7 வைகைக்கரை

பழக்கம்தான் தம்பி, யார் மறுத்தது? அந்தப் பழக்கத்தைக் குழந்தைக்குக் கொடுப்பது எது என்பதுதானே பேச்சு. வயலில் திசையைக் காட்டுகிறவர் வாயால் 'கிழக்கு' என்று சொல்லித்தானே காட்டுகிறார். வயலையும் சொல்லையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க உங்களுக்குத்தான் பிடித்திருக்கிறது, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

2006-இல் டானியல் ஹாவுனும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். சிம்பன்ஸி, கொரில்லா போன்ற குரங்கினங்களுக்கும், நான்கு வயது ஜெர்மன் பிள்ளைகளுக்கும் மறைத்துவைத்த பொருளைத் தேடும் விளையாட்டைக் கொடுத்தார்கள். இரு தரப்பும் சுற்றியுள்ள இடத்தை வைத்தே தேடினார்கள், தன் இடம் வலத்தை வைத்து இல்லை. எட்டு வயதுக்கு வந்தால் கதை மாறுகிறது. டச்சுப் பிள்ளைகள் தன் உடம்பை வைத்துத் தேடுகிறார்கள். நமீபியாவின் ஹாயோம் பிள்ளைகள், திசை சொல்லிப் பேசுகிறவர்கள், சுற்றிடத்தை வைத்தே தேடுகிறார்கள். நான்குக்கும் எட்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று டச்சுப் பிள்ளையைத் திருப்பியிருக்கிறது. ஹாயோம் பிள்ளையின் காட்டுக்கும் அதில் பங்கு உண்டு என்றால் சண்டைக்கு வரமாட்டேன்.

#8 பனைவடலி (டொராண்டோ)

நல்ல இழை. என்ர மகளுக்கு மூன்று வயது. வீட்டில் தமிழ்தான் கதைக்கிறோம், டேகேரில் முழுக்க ஆங்கிலம். இப்ப 'அம்மம்மா, லுக், அங்க ஒரு ஸ்க்விரல் ஓடுது' என்று கலந்து கதைக்கிறாள். இரண்டு மொழி என்றால் இரண்டு உலகமா, அல்லது ஒன்றும் வடிவாக வராமல் குழம்பிப்போகுமா? டேகேரில் ஒருவர் வீட்டிலும் ஆங்கிலமே கதையுங்கோ என்றார். எங்களுக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, பிள்ளைக்குத் தமிழ் வரட்டும் என்று யூடியூபில் தமிழ்க் குழந்தைப் பாட்டு போட்டு விடுகிறோம். அதில் பிரயோசனம் உண்டோ, ஒலிமரம் அக்கா?

#9 ஒலிமரம்

பனைவடலி, வீட்டுத் தமிழை விடாதீர்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழி கலப்பது குழப்பத்தின் அடையாளம் இல்லை, இருக்கிற சரக்கை முழுசாகப் பயன்படுத்துகிறாள். தமிழ்ச் சொற்களை மட்டும் எண்ணினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளையைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். ஆனால் இரண்டு மொழி தெரிந்தால் மூளை கூர்மையாகிவிடும் என்று விளம்பரம் செய்கிறார்களே, அதையும் அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் நாலாயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்த 2019 ஆய்வில் கவனத்தைக் கட்டுப்படுத்தும் திறமையில் அப்படி ஒரு லாபம் தென்படவில்லை. அம்மம்மாவோடு பேச முடிகிறதே, அந்த லாபம் போதாதா?

இரண்டு உலகமா என்று கேட்டீர்கள். கொரிய மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. விரலில் மோதிரம் போடுவது, பேனாவுக்கு மூடி போடுவது, உறைக்குள் புத்தகத்தைச் செருகுவது மூன்றுக்கும் ஒரே வினைச்சொல், இறுக்கமாகப் பொருந்துகிறதே, அதனால். கூடைக்குள் பழத்தைப் போடுவதற்கு வேறு சொல். ஆங்கிலத்தில் உள்ளேயா மேலேயா என்பதுதான் கணக்கு, இறுக்கம் கணக்கில் வராது. சூஸன் ஹெஸ்பாஸும் எலிசபெத் ஸ்பெல்கியும் 2004-இல் பார்த்தபோது, ஆங்கில வீட்டு ஐந்து மாதக் குழந்தைகள் இறுக்கமும் தளர்வும் மாறுவதைக் கவனித்தார்கள். அதே ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு அது கண்ணிலேயே படவில்லை. சொல்லிக் கொடுத்தால் அவர்களாலும் பார்க்க முடியும். ஆனால் தானாகக் கண் அங்கே போவதில்லை. இரண்டு மொழிப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் கண் போகப் பழக்கம் கிடைக்கிறது, நான் சொல்வது அவ்வளவுதான்.

யூடியூப் பற்றி. சியாட்டிலில் பட்ரீஷியா கூல் 2003-இல் வெளியிட்டது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து புத்தகம் காட்டி, பொம்மை காட்டி விளையாடினார்கள், மொத்தம் 12 தடவை. சீன ஒலிகளைக் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, வீடியோவில் போட்டுக் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. ஆடியோ மட்டும் போட்டாலும் அதே கதிதான். உங்கள் மகள் மூன்று வயதுக்காரி, பாட்டிலிருந்து நாலு சொல் எடுத்துக்கொள்வாள். ஆனால் பாட்டைப் போட்டுவிட்டு நீங்கள் சமையலுக்குப் போவதைவிட, பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து பாடினால் பலன் அதிகம்.

#10 விரல்நுனி (திருச்சி)

எல்லோரும் எந்த மொழி, எந்த மொழி என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மொழியே கிடைக்காத பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வீட்டில் எல்லோருக்கும் கேட்கும், சைகை மொழி யாருக்கும் தெரியாது. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குமேல் இப்படிக் கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். ஏழு வயதில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தபிறகுதான் அவனுக்கு மொழி என்று ஒன்று வந்தது.

அதற்கு முன் அவன் பொருள்களை நன்றாகவே புரிந்துகொண்டான். சைக்கிள் செயின் கழன்றால் மாட்டுவான், கடைக்குப் போவான், நிறம், திசை எதிலும் குறை இல்லை. அடுத்தவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. அப்பா வேலைக்குப் போய் ராத்திரி வருவார் என்று அவனுக்கு யாரும் சொல்ல முடியாது. காலையில் அவர் செருப்பு மாட்டும்போதெல்லாம் ரகளை. பக்கத்து வீட்டுப் பையன் தெரியாமல் இடித்தாலும் வேண்டுமென்றே இடித்தான் என்றுதான் எடுத்துக்கொள்வான்.

பின்னால் நான் படித்துத் தெரிந்துகொண்டது: உளவியலில் இதற்கு ஒரு சோதனை உண்டு. விம்மரும் பெர்னரும் 1983-இல் கொண்டுவந்தது. ஒரு பையன் சாக்லெட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். பையன் திரும்பிவந்து எங்கே தேடுவான்? மூன்று வயதுப் பிள்ளை, சாக்லெட் இப்போது இருக்கும் இடத்தைக் காட்டும். நாலு, ஐந்து வயதில் பழைய இடத்தைக் காட்டிவிடும், அந்தப் பையனுக்கு விஷயம் தெரியாது என்று புரிந்துவிட்டது. கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காதுகேளாத பிள்ளைகளுக்கு இது பல வருடம் தாமதமாக வருகிறது. சைகையிலேயே பேசும் காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்தவர்களுக்கு மற்றப் பிள்ளைகள் போலவே வருகிறது. இருவருக்கும் காது ஒரே மாதிரி கேட்காது. ஒருவருக்கு வீட்டில் பேச்சு நடந்தது, இன்னொருவருக்கு நடக்கவில்லை.

நிகரகுவா கதை இன்னும் ஆழமானது. மனாகுவாவில் 1977-இல் சிறப்புப் பள்ளி ஒன்று தொடங்கியது, புரட்சிக்குப் பிறகு 1980-களில் நிறையப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். டீச்சர்கள் ஸ்பானிஷ் மொழியில் உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொடுக்கப் பார்த்தார்கள், அது ஏறவில்லை. பிள்ளைகள் விளையாட்டு மைதானத்திலும் பஸ்ஸிலும் தாங்களே ஒரு சைகை மொழியை உண்டாக்கிக்கொண்டார்கள். முதலில் வந்தவர்களின் சைகை கொஞ்சம் எளிமையானது. அடுத்து வந்த சின்னப் பிள்ளைகள் அதை வளர்த்துவிட்டார்கள். ஜென்னி பையர்ஸும் ஆன் செங்காஸும் 2009-இல் எழுதியதைப் படியுங்கள். முதல் வரிசைக்காரர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். அவர்களின் சைகையில் 'நினைக்கிறான்', 'அவனுக்குத் தெரியும்' போன்றவை அரிது. மேலே சொன்ன சாக்லெட் மாதிரியான சோதனையில் அந்தப் பெரியவர்களே தடுமாறினார்கள். இளையவர்கள் தேறினார்கள். சுமார் இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தபோது, இளையவர்களோடு பழகி அந்தச் சைகைகளைப் பிடித்துக்கொண்ட மூத்தவர்களும் முன்னேறியிருந்தார்கள். இருபது வயதைத் தாண்டியவர்கள்!

ரஷ்ய நீலத்துக்கும் ஆங்கில நீலத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு செகண்டில் ஒரு சின்னப் பங்கு. மொழி கிடைத்தவனுக்கும் கிடைக்காதவனுக்கும் நடுவே உள்ளது என் தம்பியின் ஏழு வருடம்.

#11 செங்காந்தள்

விரல்நுனி, இதை எழுதியதற்கு நன்றி. செருப்பு மாட்டும் விஷயத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை. நான் நிறத்தைப் பற்றிக் கேட்டேன். இழை எங்கேயோ போய்விட்டது, நல்லதுக்குத்தான்.

#12 அரைக்கால்

கணக்கு வாத்தியார் சார்பில் ஒரு சின்னக் குறிப்பு. எண்ணும் இந்தப் பட்டியலில் சேரும். அமேசான் காட்டுப் பிரஹா மக்களின் மொழியில் துல்லியமான எண்பெயர்களே இல்லை. கண்முன்னால் வைத்த நூல்கண்டுகளுக்கு ஈடாகப் பலூன்களை ஒன்றுக்கு ஒன்று வைக்கச் சொன்னால் வைத்துவிடுவார்கள். மறைத்துவிட்டு வைக்கச் சொன்னால் எண்ணிக்கை கூடக்கூடத் தப்பும் கூடுகிறது. 2008-இல் மைக்கேல் ஃபிராங்க் குழு பார்த்தது. எண்பெயர் என்பது கணக்கை ஞாபகத்தில் பிடித்துவைக்கும் கருவி என்று அவர்கள் முடிவுசெய்தார்கள், எனக்கும் அது சரியாகவே படுகிறது. நம் பிள்ளைகளும் மூன்று வயதில் பத்துவரை பாட்டாகப் பாடும், ஆனால் 'நாலு புளியங்கொட்டை கொடு' என்றால் ஒரு பிடி அள்ளிக் கொடுக்கும். எண்ணுப்பாட்டை எண்ணிக்கை என்று நினைத்துப் பெருமைப்படும் பெற்றோர் கவனிக்க.

#13 குறுக்குக்கேள்வி

விரல்நுனி சொன்னதோடு எனக்குச் சண்டை இல்லை. அது வோர்ஃப் சொன்ன விஷயமே அல்ல. தமிழா ஆங்கிலமா என்பதால் உலகம் மாறுகிறது என்பதைத்தான் நான் எதிர்க்கிறேன், இப்போதும் எதிர்க்கிறேன். துருக்கியிலும் கொரியனிலும் தான் பார்த்ததையா, கேள்விப்பட்டதையா சொல்கிறோம் என்பதை வினையிலேயே காட்டும் வழி உண்டு. நாமும் 'வந்தானாம்' என்கிறோமே. அதனால் கொரியப் பிள்ளைகள் 'இது எனக்கு எப்படித் தெரிந்தது' என்று யோசிப்பதில் முந்துகிறார்களா என்று அன்னா பாப்பாஃப்ராகூ குழு 2007-இல் பார்த்தது. ஆங்கிலப் பிள்ளைகளைவிட ஒன்றும் முந்தவில்லை. இந்த மாதிரி முடிவெல்லாம் வாட்ஸ்அப்பில் வராது.

#14 வைகைக்கரை

அது வராதுதான். ஆனால் ஒரு மொழி எதைக் கவனிக்கச் சொல்லி எந்நேரமும் நச்சரிக்கிறதோ அது படியும், மற்றது படியாது என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு என்ன நட்டம்?

#15 மழைக்காகிதம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அக்கா பையனுக்கு ஒன்றரை வயது, காது கேட்கவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி) வைக்கப் போகிறார்கள். சைகை கற்றுக்கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடும் என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா பயந்துபோய் அவனிடம் கையைக்கூட அசைக்காமல் பேசுகிறாள். இது சரியா?

#16 ஒலிமரம்

மழைக்காகிதம், முதலில் அக்காவைக் கையை அசைக்கச் சொல்லுங்கள். கேட்கும் குழந்தையிடம் பேசும்போதே நாம் கைகாட்டித்தான் பேசுகிறோம்.

என் துறைக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்தபிறகு சைகை இல்லாமல் பேச்சிலேயே வளர்ந்த பிள்ளைகள் பேச்சில் முன்னால் இருந்தார்கள் என்று 2017-இல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அந்த ஒப்பீட்டில் சைகையோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு நல்ல சைகை கிடைத்தது என்று மறுதரப்பு கேட்டது. பிறந்ததிலிருந்தே காதுகேளாத பெற்றோரிடம் சைகை கற்று, இம்ப்ளான்டும் வைத்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்கும் பிள்ளைகளுக்கு இணையாக இருந்ததாக 2014-இல் ஒரு சின்ன ஆய்வும் உண்டு. என் கருத்து: ஆபரேஷன், கருவியைச் சுவிட்ச் ஆன் செய்வது, பிள்ளைக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்யும் மேப்பிங் என்று மாதங்கள் ஓடும், கேட்டுப் புரிந்துகொள்ள அதற்குமேலும் ஆகும். அதுவரை பிள்ளை மொழி இல்லாமல் காத்திருக்கக் கூடாது. பேச்சுப் பயிற்சியைக் குறைக்காமல் சைகையையும் கொடுங்கள். என் சக ஊழியர்களில் சிலர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பிறந்த ஒரு மாதத்துக்குள் ஓஏஇ சோதனை (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), சந்தேகம் என்றால் மூன்று மாதத்துக்குள் பெரா சோதனையோடு (ஒலி மூளைவரை போகிறதா என்று பார்ப்பது) முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. 'ஆண்பிள்ளை லேட்டாத்தான் பேசும்' என்று யார் சொன்னாலும் காதைச் சோதித்துவிட்டு அப்புறம் காத்திருங்கள்.

#17 விரல்நுனி

மழைக்காகிதம், டெல்லியில் 2015-இல் தொடங்கிய இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாப்பாடு, தண்ணீர், வலி, அப்பா வெளியே போயிருக்கிறார், ராத்திரி வருவார், இவற்றிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அக்கா தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். உங்கள் ஊரில் காதுகேளாதோர் சங்கம் இருந்தால் அங்கே பெரியவர்கள் யாராவது வீட்டுக்கு வந்து பையனோடு விளையாடுவார்களா என்று கேளுங்கள். மேலே ஒலிமரம் அக்கா சொன்ன சீன மொழிக் கதை இதற்கும் பொருந்தும், வீடியோவைவிட ஆள் வந்தால் நல்லது. தனிச்செய்தியில் ஊரைச் சொன்னால் எனக்குத் தெரிந்தவர்களை விசாரித்துப் பார்க்கிறேன்.